ஒரு பெட்டி புளூஸும் ஒரு கொல்லிமலைக் கல்யாணமும்

கொல்லிமலைக்குப் போனால் என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டு அடிக்கடி எழுதுகிறீர்கள். அருவியைப் பற்றியும் கொண்டை ஊசி வளைவுகளைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதால் நான் பெரும்பாலும் பதில் போடுவதில்லை. போன வாரம் வந்த கேள்வி வேறு மாதிரி இருந்தது. "மூன்று நாள் மலையில் தங்கப் போகிறேன். இப்போதுதான் புளூஸ் பாட்டுக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். பழையதில் எது, புதியதில் எது கேட்கலாம்?" என்று ஒரு பெண் எழுதியிருந்தார். கொல்லிமலையையும் புளூஸையும் சேர்த்து என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் புளூஸை முதன்முதலாக உட்கார்ந்து கேட்டது அந்த மலையில்தான். 1962-ஆம் வருஷம், மாசி மாதம். அதனால் இது கொஞ்சம் நீளமான பதில்.

எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. ராசிபுரத்தில் என் கணவர் மைக் செட் வைத்துத் தொழில் செய்தார். பாட்டரியில் ஓடும் ஒரு ஆம்ப்ளிஃபையர், கீ கொடுத்துச் சுழலவிடும் ஒரு ரிக்கார்டு பெட்டி, வாய் அகன்ற ஒரு குழாய், இவ்வளவுதான் செட். ஐப்பசியில் ஒரு கோயில் விசேஷத்துக்காகத் தென்னைமரத்தில் குழாயைக் கட்டும்போது மட்டை முறிந்து கீழே விழுந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் போய்விட்டார். எனக்கு வெள்ளைச் சேலையைக் கொடுத்து உள்ளே உட்காரவைத்தார்கள். மகளுக்கு அப்போது இரண்டு வயது.

காரியம் முடிந்ததும் கணவரின் அண்ணன் முத்துசாமி, செட்டைத் தானே எடுத்து நடத்தப் போவதாகச் சொன்னார். நான் தர முடியாது என்றேன். வீட்டில் எல்லோரும் திகைத்துப் போனார்கள். எனக்கு அதில் திகைக்க ஒன்றும் தெரியவில்லை. பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்றியது நான், அறுந்த கம்பியைப் பற்றவைத்தது நான், எந்தத் தட்டில் எந்த இடத்தில் கீறல் என்று தெரிந்தவளும் நான். வெளியே போய்க் குழாய் கட்டியது மட்டும்தான் கணவர். ஆனால் தரமாட்டேன் என்று சொன்னதோடு சரி. விதவை நடத்தும் மைக் செட்டை நல்ல காரியத்துக்கு யார் கூப்பிடுவார்கள்? மூன்று மாதம் செட் மூலையில் கிடந்தது.

அப்போதுதான் ஆண்டி வந்தார். கொல்லிமலை ஆலத்தூர் நாட்டைச் சேர்ந்தவர் (மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு), சாமையும் மிளகும் விளைவிக்கிற குடியானவர், முப்பது வயது இருக்கும். முந்தின வருஷம் முள்ளுக்குறிச்சியில் எங்கள் செட் பாடக் கேட்டிருக்கிறார். தங்கச்சி கல்யாணத்துக்கு அதே செட்தான் வேண்டும் என்று இறங்கி வந்திருந்தார்.

"ஏனுங்க, அண்ணன் இல்லீங்களா?"

"எறந்துட்டாருங்க. செட்டு இருக்குது. நான் வாரேன்."

அவர் என் சேலையைப் பார்த்தார், பிறகு குழாயைப் பார்த்தார். "மலையேறோணுமுங்க. ரோடு கெடையாது, பஸ்ஸு கெடையாது."

"நீங்க நடந்துதானே எறங்கி வந்தீங்க?"

"ஆமாங்க."

"அப்ப நானும் நடந்து ஏறிக்கறேன்."

அவ்வளவுதான் பேச்சு. சுமை தூக்க ஆள் அவர்கள் பொறுப்பு, இரண்டு நாளைக்கு இருபத்தைந்து ரூபாய் வாடகை என்று முடிவானது. மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, வேறு யாரிடமும் சொல்லாமல் கிளம்பினேன்.

ராசிபுரத்திலிருந்து முள்ளுக்குறிச்சி ஏறக்குறைய பதினாறு மைல். காலை ஆறரை மணி பஸ். எனக்கு ஆன டிக்கெட்டைவிடக் குழாய்க்குப் போட்ட லக்கேஜ் சார்ஜ் அதிகம். கண்டக்டர் அதை ஒரு ஆள் உட்காரும் சாமான் என்றார், அது உண்மையும்தான். நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் வேகவைக்கிற வாசனை பஸ்ஸுக்குள் ஏறியது. எட்டு மணிக்கு முள்ளுக்குறிச்சியில் இறங்கினேன். டீக்கடை முன்னால் ஆண்டியும் அவருடைய பங்காளிகள் மூன்று பேரும் காத்திருந்தார்கள். வெயில் ஏறுவதற்கு முன்னால் போகட்டும் என்று ஆம்ப்ளிஃபையர், பாட்டரி, ரிக்கார்டு பெட்டி, குழாய் எல்லாவற்றையும் அந்த மூன்று பேரும் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்கள். இசைத்தட்டுகள் இருந்த இரண்டு பெட்டிகளோடு நானும் ஆண்டியும் டீ குடிக்க உட்கார்ந்தோம்.

அந்த இரண்டு பெட்டிகளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். ஒன்று தோல் பெட்டி. சினிமாப் பாட்டு, பக்திப் பாட்டு, நாதஸ்வரம் எல்லாம் அதில். தொழில் நடந்ததே அதை வைத்துத்தான். இன்னொன்று பலகைப் பெட்டி. ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பியபோது பங்களாச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் ரிக்கார்டு பெட்டியை என் கணவர் எடுத்தபோது இதையும் தலையில் கட்டிவிட்டார்கள். சண்டைக் காலத்தில் அமெரிக்கச் சிப்பாய்கள் யாரோ விட்டுப்போன தட்டுகளாம். இருபதுக்குள் இருக்கும். ஒன்றிரண்டை வீட்டில் போட்டுப் பார்த்தோம். ஒன்றும் பிடிபடவில்லை. நான் எட்டாவது வரை படித்தவள், லேபிளில் இருந்த இங்கிலீஷை எழுத்துக்கூட்டிப் பார்த்ததில் 'புளூஸ்' என்ற வார்த்தை திரும்பத் திரும்ப வந்தது. எங்கள் தெரு வாத்தியாரிடம் அர்த்தம் கேட்டேன். யோசித்துவிட்டு "நீலங்கள்" என்றார். அதோடு பெட்டியை மூடிவைத்தோம். அன்றைக்கு அதைக் கொண்டுவந்ததற்குக் காரணம், உபரி ஊசி டப்பாக்கள் அதில் இருந்ததுதான்.

டீ பாதி குடித்திருப்பேன், முத்துசாமி சைக்கிளில் வந்து நின்றார். பஸ் ஏறும்போது யாரோ பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். பதினாறு மைல் மிதித்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது.

"கல்யாண ஊட்டுக்கா போற? இந்தச் சேலையைக் கட்டிக்கிட்டா?"

"வேற சேலை யாரும் தரலீங்களே, மாமா."

டீக்கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முத்துசாமிக்கு முகம் கறுத்தது. குழாயைத் தேடினார், அது மலை ஏறிக்கொண்டிருந்தது. தோல் பெட்டியை எடுத்துச் சைக்கிள் கேரியரில் வைத்துக் கட்டினார்.

"பிளேட்டெல்லாம் என் பேர்ல வாங்குனது. பாட்டு இல்லாம வெறும் குழாயைக் கட்டிக் காத்துப் புடி, போ."

பலகைப் பெட்டியையும் திறந்து பார்த்தார். மேல் தட்டின் இங்கிலீஷ் லேபிளைப் பார்த்ததும் மூடிவிட்டார். "இந்தக் குப்பையை நீயே வெச்சுக்க."

அவர் போனதும் ஆண்டி எழுந்தார். தம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்து, "இப்ப என்னங்க பண்றது, அக்கா?" என்றார்.

"ஏறலாமுங்க."

"பாட்டு?"

"பெட்டி நெறைய இருக்குது. தூக்குங்க."

இன்று ஏற நினைப்பவர்களுக்கு: காரவள்ளி வழியாக எழுபது வளைவு ரோடு இருக்கிறது, முள்ளுக்குறிச்சிப் பக்கமும் ரோடு வந்துவிட்டது. நாங்கள் போனது ஒற்றையடிப் பாதை. முதல் ஒரு மைல் புன்செய்க் காடுகளுக்கு நடுவே சாதுவாகப் போகும். பிறகு ஒரு ஓடையைத் தாண்டியதும் சுவர் மாதிரி நிமிரும். கல்லும் வேருமே படிகள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். எதிரே வாழைத்தார்களோடு மலைப் பெண்கள் இறங்கி வந்தார்கள். நான் ஒதுங்கி வழிவிட்டபோது அவர்களில் ஒருத்தி, "பாத்து ஏறு சாமி, வழுக்குப் பாறை இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனாள். என் சேலையை யாரும் உற்றுப் பார்க்கவில்லை. நாலு மாதத்தில் அது எனக்குப் புதுசு.

பாதி மலையில் உட்கார்ந்தபோதுதான் பயம் வந்தது. ஆண்டியிடம் வீராப்பாகச் சொல்லிவிட்டேன். கல்யாண வீட்டில் இந்த நீலங்களைப் போட்டால் சிரிப்பார்கள், ஊசியைப் பிடுங்கி எறிவார்கள். இறங்கிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இறங்கினால் முத்துசாமி கையில் செட்டைக் கொடுத்துவிட்டு உள்ளறையில் போய் உட்கார வேண்டும். எழுந்து நடந்தேன். மொத்தம் நாலரை மணி நேரம் ஏறினோம். இப்போது இளவட்டங்கள் மூன்று மணியில் ஏறலாம். மேலே வந்ததும் காற்று சட்டென்று குளிரும், அங்கே வியர்வையோடு நிற்காதீர்கள்.

ஆண்டியின் ஊரில் பதினைந்து வீடுகள் இருக்கும். பந்தல் போட்டிருந்தார்கள். பக்கத்தில் பெரிய பலாமரம். குழாயைக் கட்ட ஒரு ஆள் மேலே போகத் தயாராக நின்றார். நான் வேண்டாம் என்றேன்.

"கட்டு இளகுனா கீழ இருக்கறவங்க தலையில விழும். நானே கட்டறேன்."

சேலையைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு ஏறினேன். முதல் கவட்டை வரை ஒன்றும் இல்லை. இரண்டாவதில் கீழே பார்த்துவிட்டேன். என் கணவர் எந்த உயரத்திலிருந்து விழுந்தார் என்று எனக்குத் தெரியும், அதே உயரம்தான் இது. மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு கயிற்றை வீசச் சொல்லிக் குழாயை இழுத்து, மூன்று முடிச்சு போட்டு, அசைத்துப் பார்த்துவிட்டு இறங்கினேன்.

முதல் தட்டைக் கையில் எடுத்தபோது பந்தலில் ஒரு குரல் எழுந்தது. கட்டிலில் உட்கார்ந்திருந்த மிளகு வியாபாரி. மலையடிவாரத்து ஆள், வருஷா வருஷம் அவர்களிடம் கொள்முதல் செய்கிறவர். அதனால் அவருக்குத் தனிக் கட்டில்.

"ஏனப்பா ஆண்டி, நல்ல காரியத்துல தாலியறுத்தவ கையாலயா மொதப் பாட்டு? மலையில வெவஸ்தை கெட்டுப் போச்சா?"

ஆண்டி வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து கல்யாணப் பெண் வந்தாள். வெள்ளையம்மா என்று பெயர். முகத்தில் மஞ்சள் காயாமல் இருந்தது. முதல் புருஷன் வேறு நாட்டுக்காரன், அடிக்கிறவன். போன வருஷம் விட்டுவிட்டு வந்துவிட்டாள். அந்த மலையில் அது ஒரு குற்றமில்லை. ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசித் தீர்த்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

"போடுங்கக்கா" என்றாள் என்னிடம். பிறகு கட்டில் பக்கம் திரும்பினாள். "மொதக் கல்யாணத்துக்கு நல்ல நேரம், நல்ல கை எல்லாம் பாத்துத்தானுங்க கட்டி வெச்சாங்க. அது எப்படிப் போச்சுன்னு உங்களுக்கே தெரியும். இப்ப நான் சொல்றவங்க போடட்டும். காது வலிச்சா அந்தப் பக்கம் நெழலு இருக்குதுங்க."

வியாபாரி சுற்றிலும் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்த முகங்கள்தான் தெரிந்தன. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

நான் ஊசியை வைத்தேன்.

முதலில் வந்தது ஒரு பெண் குரல், கூட பியானோ மட்டும். கனத்த குரல். எதற்கும் கெஞ்சாத குரல். ஒரு வரியைப் பாடினாள், நிறுத்தினாள், பியானோ ஏதோ சொன்னது. அதே வரியை மறுபடி பாடினாள். பலாமரத்திலிருந்து அந்தக் குரல் எதிர்ச் சரிவுக்குப் போய்த் திரும்பி வந்தது. பாட்டு முடிந்ததும் ஆண்டியின் பெரியப்பா என்னிடம் வந்தார்.

"இந்தப் பொம்பளைக்கு என்ன கொறை, கண்ணு?"

"தெரியலீங்க. பாஷை புரியல."

"யாரையோ நல்லாத் திட்டறா" என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்தது ஒரு ஆள், ஒரு கித்தார். கம்பியின் மேல் எதையோ வைத்து இழுக்கிறான், கம்பியே அழுவது மாதிரியும் சிரிப்பது மாதிரியும் இருக்கிறது. "மாடு காணாமப் போனவன் கூப்புடறாப்பல இருக்குதுங்க" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஐப்பசிக்குப் பிறகு முதல் தடவையாக. மூன்றாவது, வாயில் வைத்து ஊதும் மவுத் ஆர்கன். அவன் அதில் ஒரு ரயிலையே ஓட்டினான். அங்கே ரயிலைப் பார்த்தவர் ஆண்டி மட்டும்தான், சேலத்தில் பார்த்தாராம். "கெளம்புது... கெளம்பிடுச்சு... பாலத்து மேல போகுது" என்று அவர் சொல்லச் சொல்ல ஊரே கேட்டது.

எட்டு ஒன்பது தட்டுக்குப் பிறகு, சமையல் பக்கம் சாமைச் சோறு வடித்துக்கொண்டிருந்த பெண்கள்தான் அந்தச் சூட்சுமத்தைப் பிடித்தார்கள். இந்தப் பாட்டுகளில் ஒரு வரியை இரண்டு தடவை சொல்வார்கள். மூன்றாவது வரி அதற்குப் பதில். ஒவ்வொரு வரிக்கும் பின்னால் ஒரு ஆள் பேசும் அளவுக்கு இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளியில் வெள்ளையம்மாவின் சிநேகிதி ஒருத்தி, அகப்பையைக் கையில் வைத்துக்கொண்டே பாட்டின் இழுப்பிலேயே எடுத்துவிட்டாள்.

"மாப்பிள்ளை ஊட்டு அடுப்புல பூனை தூங்குது..."

பாடகன் தன் வரியை மறுபடி சொன்னான். இவளும் மறுபடி சொன்னாள். மூன்றாவதுக்கு மொத்தப் பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

"எங்க பொண்ணு வந்துதான் எழுப்போணும்."

மாப்பிள்ளை வீட்டார் சும்மா இருப்பார்களா? அடுத்த தட்டில் அவர்கள் பதில் கொடுத்தார்கள். மேளக்காரர்கள் கொஞ்ச நேரம் தலையை ஆட்டிக் கணக்குப் பார்த்துவிட்டு உள்ளே நுழைந்தார்கள். தோல் பெட்டி வந்திருந்தால் நான் சினிமாப் பாட்டுகளை வரிசையாகப் போட்டிருப்பேன், அவர்களும் கேட்டிருப்பார்கள். அன்று நடந்தது நடந்திருக்காது. பொழுது சாய்கிறவரை ஊசி மாற்றி ஊசி மாற்றி விரல் காய்த்துப் போனது.

மறுநாள் காலையில் தாலி கட்டினார்கள். அதற்கு அவர்களுடைய மேளம் போதும், நான் ஒதுங்கி நின்றேன். கட்டி முடிந்ததும் வெள்ளையம்மா என்னைத் தேடிப் பார்த்துத் தலையை அசைத்தாள். பியானோக்காரியைப் போட்டேன். தாலி கட்டின கையோடு ஒரு பெண் யாரையோ திட்டும் பாட்டைக் கேட்ட கல்யாணம் இந்த ஜில்லாவில் வேறு இருக்காது.

இறங்குவது இரண்டரை மணி நேரம். முழங்கால் நோகும், ஒரு கோல் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்டியும் பங்காளிகளும் சாமான்களைத் தூக்கிவர, மாலை நாலு மணிக்கு முள்ளுக்குறிச்சி வந்தபோது டீக்கடை பெஞ்சில் முத்துசாமி உட்கார்ந்திருந்தார். இந்தத் தடவை சொந்தக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்திருந்தார். பஸ்ஸுக்கு நின்றவர்கள் இருபது பேராவது இருப்பார்கள்.

"செட்டை ஊட்டுல கொண்டாந்து எறக்கு" என்றார். குரலை உயர்த்தவில்லை. "இனி வாசப்படி தாண்ட மாட்டேன்னு இவங்க முன்னால சொல்லு. உனக்கும் புள்ளைக்கும் சோறு போடறது என் பொறுப்பு."

அவர் கொடுமைக்காரர் அல்ல. சோறு போட்டிருப்பார். அதைத்தான் நான் யோசித்தேன், அந்த ஒரு நிமிஷம். எத்தனை வருஷம் போட்டிருப்பார், நான் எந்த மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டிருப்பேன் என்று.

"சோறு நானே போட்டுக்கறேனுங்க, மாமா."

டீக்கடைக்காரரிடம் திரும்பி, "உங்க பெஞ்சில குழாயை வெச்சுக்கட்டுமாங்க?" என்று கேட்டேன். அவர் முத்துசாமியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "பாட்டரியில உசுரு இருக்குதா அம்மணி?"

"தட்டுல ஒரு பக்கத்துக்கு இருக்குமுங்க."

அவர் பன் ஜாடியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு இடம் ஒதுக்கிக் கொடுத்தார்.

பியானோக்காரியைத்தான் எடுத்தேன். முதல் வரி கடைத்தெரு முழுக்கக் கேட்டது. சைக்கிளில் போனவர்கள் இறங்கினார்கள். இரண்டாவது தடவை அதே வரி வரும்போது பாட்டரி தளர ஆரம்பித்தது. குரல் சுருங்கிச் சுருங்கி, குழாய் வெறுமனே இரைந்தது. தட்டு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முத்துசாமி முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது.

மூன்றாவது வரியின் இடம் வந்தது. நான் பாடினேன். எனக்குப் பாட வராது. அன்றைக்கும் வரவில்லை. மலையில் பெண்கள் இழுத்த அதே இழுப்பில், என் சொந்தத் தமிழில், கடைத்தெருவுக்குக் கேட்கும்படி பாடினேன்.

"உள்ளறையில ஒக்கார மாட்டேன், ஒக்காரச் சொல்லாதே..."

யாரும் கை தட்டவில்லை. ஆண்டி மட்டும் "அப்படிப் போடுங்கக்கா" என்றார். முத்துசாமி எழுந்து, சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு நடந்தார். சைக்கிளைக் கூட எடுக்கவில்லை, பிறகு ஆள் அனுப்பித்தான் எடுத்துப் போனார்.

அதன் பிறகு அவர் எட்டு வருஷம் என்னோடு பேசவில்லை. தோல் பெட்டியும் திரும்பி வரவில்லை. நான் மகளோடு ராசிபுரத்தில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்துக்கொண்டேன். குழாயின் மேல் என் பெயரைப் போட்டு 'பாவாயி சவுண்டு சர்வீஸ்' என்று பெயிண்டில் எழுதினேன். மலை முழுக்க என் செட்டுக்குப் பெயர் 'நீலப் பாட்டு செட்டு'. ஏழெட்டு நாடுகளில் கல்யாணம், பண்டிகை என்று கூப்பிட்டார்கள். சமவெளியில் முதலில் கூப்பிட்டது முள்ளுக்குறிச்சி டீக்கடைக்காரர், தம்பி மகள் வயதுக்கு வந்த சீருக்கு. கொஞ்சம் கொஞ்சமாகச் சினிமாத் தட்டுகளும் வாங்கினேன். இருபத்தேழு வருஷம் தொழில் செய்தேன். குழாயைக் கடைசி வரை நானே கட்டினேன்.

இனி கேள்விக்குப் பதில். பழையதில் முதலில் கேட்க வேண்டியது, பியானோவோடு பாடிய பெண்களை. 1920களில் பதிவானவை, இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது தனியாக ஒரு கித்தாரோடு பாடிய, அமெரிக்காவின் தென் மாநிலத்து ஆண்கள். கம்பியின் மேல் கண்ணாடிக் குப்பியின் கழுத்தையோ கத்தியையோ வைத்து இழுப்பார்கள், அதுதான் அந்த மாடு தேடும் சத்தம். மூன்றாவது, மவுத் ஆர்கன். புதியதில், எனக்குப் புதியது என்றால் அறுபதுகளின் புதியது: அங்கிருந்து அமெரிக்காவின் வடக்கு நகரங்களுக்கு ஆலை வேலைக்குப் போனவர்கள் மின்சாரக் கித்தாரும் டிரம்ஸும் சேர்த்துப் பாடியது. 1966-இல் மெட்ராஸ் துறைமுகத்தில் ஒரு கப்பல்காரரிடம் இரண்டு தட்டு வாங்கினேன், ஆம்ப்ளிஃபையரே அதிர்ந்தது. இன்றைக்கு என்றால் சகாரா பாலைவனத்துக் கித்தார்க் குழுக்களைத் தேடிக் கேளுங்கள். பாலைவனத்து ஆளும் மலையேறினவள் மாதிரியே மூச்சு வாங்குகிறான்.

புளூஸைச் சோகப் பாட்டு என்று யாராவது எழுதியிருந்தால் அதை நம்பி ஆரம்பிக்காதீர்கள். பாடியவர்கள் அடிமைகளாக விற்கப்பட்டவர்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள். பருத்திக் காட்டிலும் சிறையிலும் வாய் திறந்தால் உதை விழுந்த காலத்தில் வாயைத் திறந்தவர்கள். எனக்கு இதெல்லாம் பல வருஷம் கழித்துத்தான் தெரியவந்தது. ஆனால் தெரியாத காலத்திலேயே அந்தக் குரல் என்னை எழுப்பி நிற்கவைத்தது. எனக்காக ஒப்பாரி வைத்தவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். அவர்களில் யாரும் என்னை எழுப்பவில்லை.

மலையில் எங்கே கேட்பது? ஆலத்தூர் நாட்டுப் பக்கம் மிளகுக் கொடி படர்ந்த தோட்டங்களுக்கு நடுவே மாலை நாலு மணிக்கு மேல் நல்ல அமைதி. தோட்டத்துக்காரரைக் கேட்டுக்கொண்டு உட்காருங்கள். புளியஞ்சோலைப் பக்கமாக இறங்குவதாக இருந்தால் ஓடைச் சத்தத்தில் பாட்டு அமுங்கிவிடும், அங்கே ஓடையையே கேளுங்கள். மாசி, பங்குனியில் பகலில் ஒரு பருத்திச் சட்டை போதும், மாலைக்குக் கம்பளி வேண்டும். காலில் பிடிப்பான செருப்பு முக்கியம்.

தனியாகப் போகலாமா என்று பெண்கள் நிறையப் பேர் கேட்கிறீர்கள். போகலாம். எங்கே தங்குகிறீர்கள், எந்தப் பஸ்ஸில் திரும்புகிறீர்கள் என்பதை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். கேட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.